கீபோர்டு நின்றபோது

ஜூன் 4

அக்கா,

நான் போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. மணி அடித்ததும் நெஞ்சு எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. நான் போய்ச் சேர்வதற்குள் பேச மூச்சு இருப்பதில்லை. கடிதத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். நடுவில் நீ குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

வேலை பிடித்திருக்கிறது. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் கிளினிக். சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் ஒருவரை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். ஒரு சத்தத்தை அனுப்புவேன். பிறகு அதைவிடச் சின்னதாக, இன்னும் சின்னதாக. கேட்டால் அவர் அழுத்த வேண்டும், என் பக்கம் ஒரு விளக்கு எரியும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று தாளில் குறித்துக்கொண்டே போவேன்.

முதல் வாரமே ஒன்று கவனித்தேன். நான் எதுவும் அனுப்பாதபோதும் சிலர் அழுத்துகிறார்கள். பொய் சொல்ல இல்லை. கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில் அவர்களுக்குக் கேட்டதுபோலவே இருக்கிறது. அந்த விளக்கு எரியும்போதெல்லாம் எனக்கு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வருகிறது.

அன்று சபையில் எனக்கு நடந்தது அபிஷேகம் இல்லை. ஆராதனைப் பாட்டின் நடுவில் கை மரத்தது, கால் நடுங்கியது, மூச்சு தொண்டையிலேயே நின்றது. செத்துவிடுவேன் என்று நினைத்து அழுதேன். கல்லூரியில் பரீட்சை வாசலில் வந்த அதே பயம். பாஸ்டர் என் தலையில் கைவைத்து, "பரிசுத்த ஆவியானவர் இந்தப் பிள்ளையைத் தொடுறார்" என்றார். சபையே எழுந்து நின்றது. திரும்பும்போது ஸ்கூட்டரில் உன் பின்னால் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். நீ திரும்பிப் பார்க்காமலே, "இப்ப எதுக்கு அதைக் கலைக்கிற, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்றாய்.

இரண்டு வாரம் கழித்து மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஆவியானவர் தொட்டார், என் பயம் அன்றோடு போனது என்று மூன்று நிமிடம் பேசினேன். அந்தப் பொய்யை உன் தலையில் கட்ட மாட்டேன், அது என்னுடையது. என் நடுக்கத்தைப் பார்த்து அதுவரை எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான். அன்றைக்குத்தான் மரியாதையாகப் பார்த்தார்கள். அது எனக்கு வேண்டியிருந்தது, அக்கா. வேண்டியிருந்ததை நினைத்துக் கூசித்தான் ஊரைவிட்டே வந்தேன்.

இங்கே ஒரு டாக்டரைப் பார்க்கிறேன். காலையில் ஒரு மாத்திரை. ஜெபமும் செய்கிறேன். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகளை ஒரே வீட்டில் வைத்திருப்பதுபோல இரண்டையும் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தச் சாட்சியைச் சபைக்காரர்கள் வீடியோவாகப் போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்.

சின்னு


ஜூன் 15

அடி சின்னு,

உன் கடிதத்தைப் பார்த்து, யாரோ நம்ம மேல கேஸ் போட்டுட்டாங்கன்னு உன் மாமா பயந்துட்டாரு. படிச்சு முடிச்சதும் நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைச்சேன்.

இங்க எல்லாம் சுகம். சபையில நான் வாசிக்கிற கீபோர்டுல ஒரு கட்டை அழுத்தினா மேல வரமாட்டேங்குது. நடுவுல நடுவுல நிமிண்டி எடுத்துட்டு வாசிக்கிறேன். பக்தியில கண்ணை மூடி ஆடுறேன்னு பாக்கிறவங்க நினைச்சுக்கிறாங்க.

வீடியோவை எடுங்கன்னு பாஸ்டர்கிட்ட எப்படிக் கேக்கிறது? ஏன்னு கேட்டா என்ன சொல்ல? கோச்சுக்காம எனக்கு ஒண்ணு சொல்லு. அது ஆவியானவர் இல்லைன்னு உனக்கு மட்டும் எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்? பயத்துக்குள்ள அவர் வரமாட்டாரா? நீ வண்டி வண்டியா படிச்சவ. எனக்கு நிஜமாவே தெரியல, கேக்கிறேன்.

உன் சாட்சி எத்தனை பேருக்கு ஆறுதல் தெரியுமா? நம்ம டெய்லரக்கா, பஸ் ஸ்டாப்புக்கு எதிர்க்கடை, உன் நீலச் சட்டைக்கு ரெண்டு கையும் ரெண்டு நீளத்துல தெச்சுட்டு "உன் கைதான்டி அப்படி"ன்னு சாதிச்சாங்களே, அவங்களுக்கும் உன்னை மாதிரியே நடுக்கமாம். பதினோரு வருஷமா மாத்திரையாம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. உன் வீடியோவைத் தினமும் பாக்கிறாங்களாம். போன ஞாயிறு எழுந்து வந்து, இனி எனக்கு இது வேண்டாம்னு மாத்திரை டப்பாவை மேடைப் படியில வெச்சுட்டாங்க. சபையே அழுதுச்சு. நானும் அழுதேன்.

நீ பொய்னு சொல்ற ஒண்ணு ஒரு மனுஷியை நிமிர்த்தி வெச்சிருக்கு. அதை எடுக்கச் சொல்றியே.

சாப்பாட்டை ஒழுங்கா சாப்பிடு.

அக்கா


ஜூன் 21

அக்கா,

என்ன மாத்திரை? தினமும் எத்தனை? ஒரேயடியாக நிறுத்திவிட்டாரா? டாக்டருக்குத் தெரியுமா?

என் டாக்டர் முதல் நாளே சொன்னார், நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது, குறைப்பதென்றாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று. பதினோரு வருடம் சாப்பிட்டவர் அப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கடைக்குப் போ. பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிடாதே.

சின்னு


ஜூன் 28

சின்னு,

போனேன். சட்டைக் காலர் வெட்டிட்டு இருந்தாங்க. சுத்தி வளைச்சு, "மாத்திரையை டாக்டரைக் கேக்காம நிறுத்தக்கூடாதாமே அக்கா"ன்னு ஆரம்பிச்சேன்.

கத்தரிக்கோலைக் கீழ வெச்சாங்க. "உன் தங்கச்சி நிறுத்தலையா?"

"அவ அப்ப மாத்திரையே எடுக்கலையே."

"எடுக்காமலே போயிடுச்சா? அப்ப இன்னும் பெரிய அதிசயம்."

ஊசியில நூல் கோத்துக் குடுத்துட்டு வந்துட்டேன். கோழைன்னு திட்டாதே. நான் என்னை அதைவிட நல்லாவே திட்டிக்கிட்டேன்.

பார்க்க நல்லாத்தான் இருக்காங்க. பேச்சு மட்டும் கொஞ்சம் வேகமா இருக்கு. தூக்கம் இல்லையாம். ஜெபம் பண்ண நேரம் கிடைக்குதுன்னு சந்தோஷமாச் சொல்றாங்க. அது நல்லதா கெட்டதான்னு எனக்குப் பிடிபடல. நல்லதுன்னு நினைச்சுட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் இல்லைன்னு தோணுது.

அக்கா


ஜூலை 4

அக்கா,

பயத்துக்குள் அவர் வரமாட்டாரா என்று கேட்டாய். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரமாகச் சுற்றுகிறேன். தெரியவில்லை. ஆனால் எப்படித் தெரியவில்லை என்பதையாவது சொல்கிறேன்.

காலையில் முதல் ஆள் வருவதற்கு முன் அந்தச் சத்தமில்லாத அறைக்குள் நானே போய் உட்காருகிறேன். கதவைச் சாத்தினால் நம் நெஞ்சு அடிப்பது, எச்சில் விழுங்குவது, கழுத்து திரும்புவது எல்லாம் கேட்கும். பயம் வருவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வருகிறது. "ஆண்டவரே, இங்கே இருக்கிறேன்" என்கிறேன். அதற்குமேல் ஜெபம் ஓடுவதில்லை. பதில் எதுவும் கேட்டதில்லை. பயம் போனதும் இல்லை. எழுந்து ஓட வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் குறைகிறது. இது ஜெபமா, மாத்திரையா, சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சா? நேற்று மூன்றும்தான் என்று நினைத்தேன். இன்று எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். பயம் விசுவாசக் குறைவு என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் தினமும் பயந்துகொண்டே விசுவாசிக்கிறேன். என்னை எந்த வரிசையில் உட்கார வைப்பார்கள்?

நேற்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தார். பாதி நேரம் நான் எதுவும் அனுப்பவில்லை. வெளியே வந்து, "எல்லாம் கேட்டுச்சும்மா. பாஸ்தானே?" என்றார். இதில் பாஸ், ஃபெயில் இல்லை ஐயா என்றேன். நம்பவில்லை. அவர் அழுத்தியபடியே நான் குறித்துக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார். காதுக்குக் கருவி கிடைத்திருக்காது. பின்னால் வரும் வண்டியின் ஹாரனும் கேட்டிருக்காது. மறுபடி உட்கார வைத்தேன். கோபித்துக்கொண்டார்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான் சொன்ன சாட்சி பொய், என் பயம் போகவில்லை, என்னைப் பார்த்து யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதியது. ஞாயிற்றுக்கிழமை நீ சபையில் படித்துவிடு.

சின்னு


ஜூலை 13

சின்னு,

படிக்கல. பைக்குள்ளதான் இருந்துச்சு. பாட்டு முடிஞ்சதும் எழுந்தேன், உக்காந்துட்டேன்.

அதுக்குள்ள செவ்வாய்க்கிழமை டெய்லரக்கா வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தாரு. நாலு நாளா தூக்கமே இல்லையாம். யாரோ ஒருத்தரோட பேன்ட் கால் ரெண்டையும் சேர்த்து மூடித் தெச்சுட்டாங்களாம். அதைப் பார்த்ததும் நடுக்கம் வந்து, வெட்டுற மேஜைக்கு அடியில போய் உக்காந்துட்டாங்க. கடையைப் பூட்டியாச்சு. நானும் அவரும் சேர்ந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். டாக்டர் நல்லாச் சத்தம் போட்டாரு, குறைஞ்ச அளவுல மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாரு. வீட்டுக்கு வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கிட்டாங்க. "விழுங்கினா என் விசுவாசம் அவ்வளவுதான்னு ஆயிடும். அந்தப் பொண்ணுக்கு நின்னுச்சே, எனக்கு ஏன் நிக்காது?"ன்னு ஒரே பேச்சு. அவங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "உங்க தங்கச்சிக்கு நிஜமாவே நின்னுச்சாம்மா?"ன்னு கேட்டாரு. கஞ்சி வெக்கிறேன்னு அடுப்படிக்குப் போயிட்டேன்.

இப்ப நான் சொல்றதை உக்காந்து படி.

மார்ச்சுல நான் கீபோர்டுல இருந்து உன்னைப் பார்த்தேன். உன் விரல் மடங்கினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பரீட்சை வாசல்ல நான் பிடிச்சு நீவிவிட்ட அதே விரல். பாட்டு முடியப் போகுது. முடிஞ்சா அமைதியாயிடும். அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பாங்க, நீ அங்கேயே செத்துப்போவ. அதனால பல்லவியை மறுபடி எடுத்தேன். மறுபடி. ஒன்பது தடவை. உன்னை மறைக்கத்தான் வாசிச்சேன். நம்ம சபையில பாட்டு முடியாம சுத்திச் சுத்தி வந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? ஆவியானவர் அசைவாடுறார்னு அர்த்தம். பாஸ்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாரு. நான் நிறுத்தல. என்னைப் பார்த்துத்தான் அவர் உன்கிட்ட வந்தாரு.

ஸ்கூட்டர்ல நீ சொன்னப்போ நான் திரும்பாததுக்குக் காரணம் இதுதான். அதைக் கலைச்சா என்னையும் கலைக்கணும்.

ஆனா ஒன்பதாவது தடவை வாசிக்கும்போது எனக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு, சின்னு. அது என்னன்னு யாரைக் கேக்கிறது?

அக்கா


ஜூலை 17

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உன்மேல் வந்த கோபத்தில் தட்டைக் கழுவிக் கழுவி வைத்தேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். இரண்டாம் தடவை, ஒன்பது தடவை என்ற இடத்தில் அழுதுவிட்டேன். எனக்காக யாரும் அவ்வளவு நேரம் எதையும் செய்ததில்லை. அதனால் விளைந்ததும் அவ்வளவு மோசம். இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து வைத்திருக்கிறேன்.

டெய்லரக்காவுக்குப் போன் செய்தேன். நானே. எண்ணை அழுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் சொன்னது பொய் அக்கா, எனக்குப் போகவில்லை, நானும் மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். வீட்டுத் தையல் மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "யாரோ உன்னை இப்படிச் சொல்ல வைக்கிறாங்க. மைக்குல சொன்னதை மைக்குலதான் திருப்பிச் சொல்லணும்" என்று வைத்துவிட்டார்.

சரியாகத்தான் சொல்கிறார்.

இருபத்தேழாம் தேதி ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். நேராகச் சபைக்கு. நான் போய் நின்றால் நடுங்கும். பேச்சு வராது. எவ்வளவு நேரம் வராது என்று சொல்ல முடியாது. உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அப்போது நீ வாசிக்காதே. பாஸ்டர் உன்னைப் பார்த்தாலும், யாராவது பாட ஆரம்பித்தாலும், நான் கீழே விழுந்தாலும் வாசிக்காதே. அமைதியாக இருக்கட்டும். எல்லோரும் பார்க்கட்டும்.

அதுவரை தினமும் போய் டெய்லரக்காவுக்குச் சாப்பாடு கொடு. மாத்திரையைப் பற்றிப் பேசாதே. பக்கத்தில் இரு.

சின்னு


ஆகஸ்ட் 3

சின்னு,

தண்ணிகூடக் குடிக்காம மத்தியானப் பஸ்ஸைப் பிடிச்சு ஓடிட்ட. உன் கண்ணு தரையைவிட்டு எழும்பவே இல்லை. அதனால அன்னிக்கு நீ எதையும் பார்த்திருக்க மாட்ட. நான் பார்த்ததைச் சொல்றேன்.

நீ மைக்கைப் பிடிச்ச உடனே விரல் மடங்கிடுச்சு. மைக் உன் பல்லுல இடிச்ச சத்தம் ஸ்பீக்கர்ல வந்துச்சு. அப்புறம் உன் மூச்சு மட்டும். பாஸ்டர் என்னைப் பார்த்தாரு. நான் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அது மேல உக்காந்துட்டேன். மறுபடி பார்த்தாரு. தலையை ஆட்டினேன், முடியாதுன்னு. பின்னாடி யாரோ ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பிச்சாங்க. சேர யாரும் இல்லாததால பாதியில விட்டுட்டாங்க. என் வாழ்நாள்ல நான் எதுவும் செய்யாம இருந்ததுல அதுதான் ரொம்பக் கஷ்டம். கை மரத்தே போச்சு.

அப்புறம்தான் நீ பேசின. "மார்ச்சுல நடந்தது இதுதான். இப்பவும் நடக்குது. எனக்குப் பயம் போகல. போச்சுன்னு பொய் சொன்னேன். மாத்திரை சாப்பிடுறேன். ஆண்டவரையும் கூப்பிடுறேன்." நாலு வரியைச் சொல்ல எவ்வளவு நேரம்.

டெய்லரக்கா எழுந்து வந்து உன் விரலைத்தான் பார்த்தாங்க, முகத்தைப் பார்க்கல. துணியைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எனக்கு வர்றதும் இதேதான்"னாங்க. அப்படியே படியில உக்காந்துட்டு, "என் டப்பா எங்க பாஸ்டர்?"னு கேட்டாங்க. அவர் திருதிருன்னு முழிச்சுட்டு, தானே போய் பீரோவைத் திறந்து எடுத்துட்டு வந்தாரு. நீ அந்த நடுக்கத்துலயும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "பழசு வேண்டாம், டாக்டர் புதுசா எழுதினது"ன்ன. முன்வரிசையில சிரிச்சுட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் பையில இருந்து புதுசை எடுத்துக் குடுத்தாரு. தினமும் கொண்டுட்டே அலைஞ்சிருக்காரு மனுஷன்.

வீடியோவை எடுத்துட்டாங்க. பாஸ்டர்கிட்ட ஒன்பது தடவை விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் நாற்காலியை வரிசையா அடுக்கிட்டே இருந்தாரு. "அடையாளம்னு நினைச்சேன்மா. எனக்கும் அது வேண்டியிருந்துச்சு போல"ன்னாரு. டெய்லரக்கா வீட்டுக்கு நேர்ல போய் மன்னிப்புக் கேட்டாராம்.

இன்னொண்ணு சொன்னா தலையில அடிச்சுக்குவ. பின்வரிசையில ரெண்டு பேர், உனக்கு இந்தத் தடவை முன்னைவிடப் பெரிய அபிஷேகம்னு பேசிக்கிறாங்க. இல்லைன்னு சொல்லப் போனேன். வாயைத் திறந்தேன். என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியாம மூடிக்கிட்டேன்.

அந்த அமைதியில உனக்கு ஏதாவது கேட்டுச்சா?

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

எதுவும் கேட்கவில்லை. அழுத்த ஆசையாக இருந்தது. அழுத்தவில்லை.

ஆனால் ஓடவும் இல்லை. கதவு பக்கத்தில்தான் இருந்தது, நான் பார்த்து வைத்திருந்தேன். ஏன் ஓடவில்லை என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். ஒருவேளை நீ கையின்மேல் உட்கார்ந்திருந்ததாலா? அதுவும் எனக்கு அப்போது தெரியாது. பின்வரிசைக்காரர்கள் சொல்வதை நானும் இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும்.

டெய்லரக்கா தினமும் காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்கிறார். முதல் இரண்டு நாள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் அவர் மறுபடி முயல்வதில்லை, மறுநாள் எட்டுக்குத்தான். மூன்றாம் நாள் எடுத்துவிட்டேன். "தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்றார். எடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வோமே, அதுபோல மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னார். இரண்டே வரி. ஆமென் சொல்லி இரண்டு பேரும் விழுங்கினோம். அவர் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. "சரி, வெட்ட வேண்டியது கிடக்கு" என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். என் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு ஓரகத்திகளும் எட்டு மணிக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள்.

தூக்கம் இன்னும் சரியாக வரவில்லையாம். நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். என் நீலச் சட்டையை அனுப்பச் சொல்கிறார், கையைச் சரிசெய்து தருவாராம். ஒரு கையைச் சரிசெய்தால் மற்றது என்ன ஆகும் என்று எனக்குப் பயம். இது சாதாரணப் பயம்தான், மருந்து வேண்டாம்.

உன்மேல் இருக்கும் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

நாளை எட்டரைக்கு நீ போன் செய். எடுப்பேனா என்று தெரியவில்லை. எடுக்கவில்லை என்றால் நடுவில் நிறுத்தாதே. முழுசாக அடிக்கட்டும்.

சின்னு